எதிர்க் கட்டில்

குழந்தை வார்டுக்குள் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிட்டது. அழுகைச் சத்தம் இல்லை. அழவும் தெம்பு வேண்டுமே. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் தொண்டைக்குள்ளிருந்து 'ஹ்ம்... ஹ்ம்...' என்று ஒரு முனகல்.

செமினியிலிருந்து வந்திருந்தார்கள். ரிஞ்சிங் பக்கம் ஏதோ ஒரு தாமான். மூன்று மாத ஆண் குழந்தை, அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தது. பின்னால் பாட்டி, ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் துணிப் பை. அப்பா தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் பதிவுச் சீட்டோடு கவுண்டரில் நின்றார். டிசம்பர் மாதம், மழை விட்டபாடில்லை. என் தங்கை மகனுக்கு ஆஸ்துமா என்று சேர்த்திருந்தோம். அவன் தேறிவந்தான்; கைப்பேசியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலோரச் சாய்வு நாற்காலியில் எனக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. எதிர்க் கட்டில் கவுண்டருக்கு நேரே இருந்தது. கவலைக்கிடமான பிள்ளைகளைத்தான் அங்கே போடுவார்கள் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

மிஸ்ஸி, அதாவது நர்ஸ், குழந்தையின் சட்டையைக் கழற்றினார். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. நெஞ்சுக்கூட்டின் அடியில் ஒரு குழி, கழுத்தடியில் இன்னொரு குழி. மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து சுருங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் தலை லேசாக ஆடியது. மிஸ்ஸி நாற்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரப் பெண். கைக்கடிகாரத்தை ஒரு கண்ணாலும் குழந்தையின் வயிற்றை மறு கண்ணாலும் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிஷம் நின்றார். கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, நின்று நின்று ஓடும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும். 72 என்று எழுதினார். கால் பெருவிரலில் சிவப்பு விளக்கு எரியும் பட்டையைச் சுற்றினார். திரையில் 88 என்று வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு.

"சளிதான் லா. ரெண்டு நாளா மூக்கு ஒழுகுச்சு. நேத்து ராத்திரியிலேருந்து பாலு குடிக்க மாட்டேங்குது," என்றார் பாட்டி, யாரிடம் என்றில்லாமல்.

இளம் டாக்டர் ஒருவர் வந்தார். தமிழ்ப் பையன். பாட்டி முகத்தில் பாதிக் கவலை அங்கேயே இறங்கியது.

"மூக்குல ஆரம்பிச்ச சளி கீழ இறங்கிடுச்சு பாட்டி. நுரையீரலுக்குள்ள ரொம்பச் சின்னச் சின்னக் குழாய் இருக்கும். அது வீங்கிப்போயி சளியும் அடைச்சிருக்கு."

பிரோங்கியோலைட்டிஸ். பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸின் வேலை. மலேசியாவில் இது வருஷம் முழுக்க இருந்தாலும், நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் ஏறி அடிக்கும் என்று நம் நாட்டுக் குழந்தை மருத்துவக் கையேடே சொல்கிறது. ஒன்றிலிருந்து ஆறு மாதப் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பெரியவர்களுக்கு இதே வைரஸ் வந்தால் பெரும்பாலும் நாலு தும்மலோடு போய்விடும். பச்சைப் பிள்ளைக்கு அப்படியில்லை. குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கு வரும் தடை இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. போதாக்குறைக்கு இந்த வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கும் அடைத்துக்கொண்டால் பால் குடிப்பதா, மூச்சு விடுவதா என்று அது திண்டாடும்.

அப்பா வந்து சேர்ந்ததும் முதல் கேள்வி: "கேஸ் வைக்கலையா டாக்டர்? அக்கா பையனுக்குப் போன வருஷம் வச்சாங்க, உடனே சரியாயிடுச்சு."

"அது இழுப்புண்ணே. இதுக்குக் கேஸ் அவ்வளவா கேக்காது. வைரஸ்ங்கிறதால ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது."

"அப்ப என்னா மருந்துதான் கொடுப்பீங்க?"

டாக்டர் ஒரு கணம் நின்றார். "மருந்துன்னு ஒண்ணும் இல்லண்ணே. அவனா சரியாயிடுவான். அதுவரைக்கும் மூச்சு விடுறதுக்கு நாம கை கொடுக்கணும்."

ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்த பிறகு மருந்தே இல்லை என்றால் எந்தத் தகப்பனுக்கு மனசு ஆறும்? ஆனால் டாக்டர் சொன்னதில் பிசகில்லை. கேஸ் என்று அப்பா கேட்ட சால்பியூட்டமால் புகையும் ஸ்டீராய்டும் இந்த நோய்க்கு வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-லேயே எழுதிவைத்துவிட்டது. மூக்கைச் சுத்தம் செய்வது, வயிற்றுக்குக் குழாய் வழியாகப் பால், ஆக்சிஜன், பிறகு காத்திருப்பது. இவ்வளவுதான் வைத்தியம். எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கை கொடுப்பது என்று அவர் சொன்னாரே, அதில் எத்தனை விதம் இருக்கிறது என்பதை அதன் பிறகுதான் பார்த்தேன்.

முதலில் வழக்கமான மெல்லிய ஆக்சிஜன் குழாய். 88 என்பது 91 ஆனது, அதற்கு மேல் ஏறவில்லை, முனகலும் நிற்கவில்லை. 'ஹை ஃப்ளோ' கொண்டுவரச் சொன்னார்கள். கம்பத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் தண்ணீர்க் கலம், பெட்டியிலிருந்து புறப்படும் தடித்த வளைகுழாய். குழந்தையின் எடை ஐந்து கிலோ. கிலோவுக்கு நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பத்து லிட்டருக்குத் திருகினார்கள். இவ்வளவு காற்றைக் காய்ந்தபடியே மூக்கில் செலுத்தினால் உள்தோல் வெடித்துவிடும். அதனால் அந்தப் பெட்டி காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, உடம்புச் சூட்டுக்குச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. மிஸ்ஸி குழந்தையின் இரண்டு கன்னத்திலும் தோல் போன்ற ஒரு பட்டையை முதலில் ஒட்டி, அதன் மேல்தான் குழாயைப் பதித்து ஒட்டினார். மூக்கில் போகும் இரண்டு முனைகளும் துவாரத்தை அடைக்காமல் பக்கத்தில் இடம் விட்டிருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டார்.

"போலே டுக்குங், அம்மா," என்றார் குழந்தையின் தாயிடம். தூக்கி வைத்துக்கொள்ளலாம். இதுதான் ஹை ஃப்ளோவின் அருமை. பிள்ளை மடியில் கிடக்கும், முகம் தெரியும், விரல் சூப்பலாம். மூக்குக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கும் பழைய காற்றை அது அடித்துத் தள்ளுகிறது. அடுத்த மூச்சு அந்தப் பழைய காற்றையே திருப்பி இழுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் அழுத்தமும் கொடுக்கிறது. எவ்வளவு என்று மட்டும் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் குறையும், அழுதால் மாறும்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு வயதுக்குட்பட்ட 1,472 பிள்ளைகளை வைத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கு அது போதாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஹை ஃப்ளோவில் 12 சதவீதம். பாதி! என்று குதிக்கத் தோன்றும். ஆனால் ஐசியுவுக்குப் போன பிள்ளைகளின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் குறையவில்லை. சாதாரண ஆக்சிஜனில் தேறாதவர்களில் 61 சதவீதம் பேர் பிறகு ஹை ஃப்ளோவுக்கு மாற்றியதும் தேறிவிட்டார்கள். ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் எடுத்ததுமே மாட்ட வேண்டியதில்லை, தேவைப்படும்போது மாட்டினால் போதும் என்றுதான் படித்தவர்கள் பலரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது.

95 வந்தது. அப்பா சாப்பிடக் கீழே போனார். பாட்டி பிளாஸ்க்கைத் திறந்து மருமகளுக்கு மைலோ ஊற்றினார். பால்மரம் வெட்டின கை. மூடியைப் பிடித்திருந்த விரல்களில் அது தெரிந்தது. முனகல் மட்டும் தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த முனகலுக்கு ஒரு வரலாறு உண்டு. மூச்சை வெளியே விடும்போது பிள்ளை தன் குரல்வளையைப் பாதி மூடிக்கொள்கிறது. காற்று முழுக்க வெளியேறிவிட்டால் நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளும், மறுபடி திறக்கப் பெரும்பாடு படவேண்டும். அப்படி ஆகாமல் கொஞ்சம் காற்றை உள்ளேயே பிடித்து வைக்க அது கண்டுபிடித்த உபாயம்தான் அந்தச் சத்தம். கேப் டவுன் மருத்துவர்கள் 1968-ல் இதை எழுதினார்கள். குறைமாதப் பிள்ளைகளின் தொண்டையில் குழாய் போட்டதும் முனக முடியாமல் போனது, முனகல் நின்றதும் ஆக்சிஜன் சரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் டாக்டர் ஜார்ஜ் கிரிகரி இந்தச் சங்கதியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை தொண்டையை நெரித்துக்கொண்டு செய்வதை வெளியிலிருந்து ஓயாத அழுத்தமாகக் கொடுத்தால் என்ன? 1971-ல் இருபது பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பதினாறு பேர் பிழைத்தார்கள். பிள்ளைகளுக்கு இன்று கொடுக்கும் 'சீபேப்' என்பதன் ஆரம்பம் அதுதான். முனகுவதுகூடப் பிள்ளைக்கு ஒரு வேலை என்று தெரிந்த பிறகு அந்தச் சத்தத்தை வேறு மாதிரிதான் கேட்க முடிந்தது.

நள்ளிரவுக்கு மேல் மிஸ்ஸி மறுபடி கடிகாரத்தோடு நின்றார். திரையில் 94, பார்க்க நல்ல எண்தான். அவர் திரையைப் பார்க்கவில்லை. 74 என்று எழுதினார். நாடித் துடிப்பும் இறங்கவில்லை. ஹை ஃப்ளோ பலன் தருகிற பிள்ளைக்கு முதல் சில மணி நேரத்திலேயே மூச்சும் நாடியும் இறங்கத் தொடங்கும். ஆக்சிஜன் எண் மட்டும் அழகாக இருந்து இவை இரண்டும் அசையாமல் நின்றால் பிள்ளை களைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் வந்தார், குனிந்து பார்த்தார், பெரிய டாக்டருக்குப் போன் போட்டார்.

"சீபேப்புக்கு மாத்துறோம் அக்கா," என்றார் அந்தப் பெண்ணிடம். "இது கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பிள்ள முதல்ல கத்துவான். பயப்படாதீங்க."

கத்தத்தான் செய்தான். தலைக்கு ஒரு பின்னல் குல்லா, குல்லாவில் இருபுறமும் குழாய்களைப் பிடிக்கும் பட்டைகள், மூக்கில் குட்டையான தடித்த முனைகள். இவை துவாரத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் ஒழுகிவிடும். வெளிமூச்சு போகும் குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர் ஜாடிக்குள் ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் மூழ்கியிருந்தது. அவ்வளவுதான் கருவி. எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ அத்தனை அழுத்தம் பிள்ளையின் நுரையீரலுக்கு. ஜாடி உலைநீர் தளதளவென்று கொதிப்பதுபோல் சத்தம் போட ஆரம்பித்தது. சத்தம் நின்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தமாம். மிஸ்ஸி ஜாடியைக் காட்டி, காதைக் காட்டி, கையை ஆட்டிக் காட்டினார். அந்தப் பெண் தலையாட்டினாள். வயிற்றில் காற்று ஏறும் என்று வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயைப் போட்டுத் திறந்துவிட்டார்கள். பிள்ளை தலையைத் திருப்பினான், முனை விலகியது, ஜாடி அமைதியானது. சரி செய்தார்கள். மறுபடி திருப்பினான்.

ஹை ஃப்ளோ, சீபேப், இந்த இரண்டில் எது மேல் என்பதுதான் உலகம் முழுக்க நடக்கிற வழக்கு. பிரான்சில் ஆறு மாதத்துக்குட்பட்ட 142 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. இதே கிலோவுக்கு இரண்டு லிட்டர் ஒரு பக்கம், ஏழு சென்டிமீட்டர் சீபேப் மறு பக்கம். ஹை ஃப்ளோ பாதிப் பேருக்குப் போதவில்லை. சீபேப் போதாதவர்கள் 31 சதவீதம். அதைவிட எனக்குப் பிடித்த விவரம் வேறு: ஹை ஃப்ளோவில் தோற்ற பிள்ளைகள் பெரும்பாலும் மூச்சுத்திணறல் கூடித் தோற்றார்கள், சீபேப்பில் தோற்றவர்கள் அதைத் தாங்கமாட்டாமல் தோற்றார்கள். ஒன்று போதவில்லை, மற்றது பிடிக்கவில்லை. மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போடவேண்டி வந்தவர்களின் கணக்கில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒன்றில் தோற்றவர்களில் பலர் மற்றதற்கு மாறித் தேறினார்கள்.

பிறகு பிரிட்டனில் 24 ஐசியுக்களில், 600 பிள்ளைகள். தலைமை தாங்கியவர் பத்மநாபன் ராமநாராயண். பெயரைப் பார்த்ததும் நமக்கு ஒரு சின்ன நிமிர்வு வரத்தானே செய்யும். 2022-ல் முடிவு வெளியானது. மூச்சு உதவியிலிருந்து விடுபட ஹை ஃப்ளோ பிள்ளைகளுக்கு இடைநிலைக் கணக்கில் 53 மணி நேரம், சீபேப் பிள்ளைகளுக்கு 48. ஹை ஃப்ளோ சளைத்ததில்லை என்று தீர்ப்பு. மயக்க மருந்து கொடுக்கவேண்டி வந்தது ஹை ஃப்ளோவில் 28 சதவீதம் பேருக்கு, சீபேப்பில் 37. அந்த ஆய்வில் பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள், எல்லாருக்கும் இந்த நோயும் இல்லை. எதிர்க் கட்டிலில் கிடந்த ஐந்து கிலோவுக்கு எது ஒத்துவரும் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடாது. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: மூன்று மாதம், முனகல், ஏறிய மூச்சு என்றால் அழுத்தம்தான் வேண்டும், பிடிக்காவிட்டாலும். கொஞ்சம் வளர்ந்த, இவ்வளவு களைக்காத பிள்ளைக்கு மடியில் கிடக்கிற வசதி பெரிது.

இதற்கும் மேல் 'பைபேப்' இருக்கிறது. உள்ளிழுக்கும்போது ஒரு அழுத்தம், விடும்போது அதைவிடக் குறைந்த அழுத்தம். மூச்சு இடையிடையே நின்றுபோகிற பிள்ளைக்கும் சீபேப்பிலும் களைத்துப்போன பிள்ளைக்கும் அது. குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறந்து இரண்டு மாதம் ஆகாதவர்கள் இப்படி மூச்சை நிறுத்திவிடுவதுண்டு. இது ஐசியு வேலை. குழந்தைகள் ஐசியு என்றால் துங்கு அசிசா மருத்துவமனையோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமோ, கோலாலம்பூருக்குப் போக வேண்டும். டாக்டர் முன்னெச்சரிக்கையாக ஒரு கட்டில் கேட்டு வைத்தார். அப்பாவுக்குக் காதில் 'கேஎல்' என்ற சொல் மட்டும் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"போகணும்னு இல்லண்ணே. சும்மா கேட்டு வச்சிருக்கோம்."

"சும்மா யாரு டாக்டர் ஐசியு கேப்பா?"

நியாயமான கேள்வி. டாக்டருக்குப் பதில் வரவில்லை.

ஜாடியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கையில் டாக்காவின் ஞாபகம் வந்தது. வங்காளதேச டாக்டர் முகமது ஜோபாயர் சிஷ்டி 1996-ல் சில்ஹெட்டில் பயிற்சி டாக்டராக இருந்தபோது, முதல் இரவே நிமோனியாவில் மூன்று பிள்ளைகள் கண்ணெதிரே செத்துப்போனார்கள். பின்னாளில் அவர் காலி ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, இதே குமிழி சீபேப்பைச் சில்லறைக் காசில் செய்தார். டாக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட 225 பிள்ளைகளிடம் செய்த சோதனை 2015-ல் வெளியானது. சாதாரண ஆக்சிஜனில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள், ஹை ஃப்ளோவில் 13, குமிழியில் 4. அங்கே கிடந்தவர்கள் நிமோனியாப் பிள்ளைகள், இந்த நோய் வேறு. ஆனாலும் யாருக்கும் மனம் பொங்கும். நாலு வருஷம் கழித்து மலாவியின் சலிமா ஊர் ஆஸ்பத்திரியில் 644 பிள்ளைகள். ஏழை நாடு, நிமோனியா, குமிழி சீபேப், எல்லாம் அதேதான். சீபேப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் இறந்தார்கள், சாதாரண ஆக்சிஜனில் 11 சதவீதம். தலைகீழ்! டாக்காவில் டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். சலிமாவில் டாக்டர் தினமும் வந்து பார்க்கிற ஏற்பாடு கிடையாது. பிள்ளைகளும் வேறு, நோயின் கடுமையும் வேறு என்று இன்னும் பல காரணம் சொல்வார்கள். எனக்கு என்னவோ அந்த நாற்பது வயதுப் பெண்மணியின் கைக்கடிகாரம்தான் கண்ணில் நின்றது. எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், ராத்திரி மூன்று மணிக்கு யார் எண்ணுவார்கள் என்று கேட்க வேண்டும்.

மூன்று மணிக்கு எண்ணினார். 66. நான்கரைக்கு 60. முனகல் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை, ஜாடிச் சத்தத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன். மிஸ்ஸி மூக்கு முனைகளை விலக்கி, நடுச்சுவரில் தோல் சிவந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்துப் பட்டையை மாற்றி வைத்தார். அழுத்தம் விடாமல் பட்டால் அந்த இடம் புண்ணாகும். அந்தப் பெண் கட்டில் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஜாடி சத்தம் குறைந்தபோதெல்லாம் கண் திறந்தாள்.

அதற்கப்புறம் சுவாரசியமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு சென்டிமீட்டர் ஐந்தானது, பிறகு குல்லாவைக் கழற்றி ஹை ஃப்ளோ, பிறகு மெல்லிய குழாய், பிறகு வெறும் மூக்கு. நடுவில் ஒரு நாள் மறுபடி ஏற்ற வேண்டி வந்தது. அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. கோலாலம்பூர் கட்டிலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் புறப்படும் நாளில் அவர்களுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இருமல் இரண்டு மூன்று வாரம் இருக்கும், பால் பாதிக்கு மேல் குறைந்தால் வரணும், நெஞ்சு குழி விழுந்தால் உடனே வரணும், வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது. கடைசி வரிக்கு அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"தைலம் தடவலாமா தம்பி?" என்றார் பாட்டி.

"வேணாம் பாட்டி. இந்த வயசுக்கு ஆகாது."

"நெஞ்சுல வேணாம். காலுக்கு?"

"காலுக்கும் வேணாம்."

பாட்டி என் பக்கம் திரும்பினார். "அஞ்சு புள்ள வளத்தேன். அஞ்சுக்கும் தைலம்தான். கேட்டியாம்மா?"

நான் வழக்கம்போல் சிரித்து வைத்தேன். பாட்டி தைலக் குப்பியை எடுத்துப் பார்த்தார், மூடியை நன்றாகத் திருகினார், துணிப் பையின் அடியில் குழந்தைச் சட்டைகளுக்குள்ளே சொருகிக்கொண்டார்.